கண்மாய்க் கரம்பையை வயலுக்குக் கொண்டுவருவது எப்படி: சிட்டாவில் தொடங்கி கடைசி லோடு வரை

கண்மாய் வற்றியதும் ஊரில் கரம்பை அடிக்கிற பேச்சு, அதாவது அடியில் படிந்த வண்டல் மண்ணை அள்ளி வயலில் கொட்டுகிற பேச்சு கிளம்பிவிடும். அரசு இலவசமாகத்தான் தருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரிடம் எழுதிக்கொடுப்பது, என்னென்ன தாள் வேண்டும், எத்தனை லோடு எடுக்கலாம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். நான் முதல்முறை போனபோது ஓர் அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் மூன்றாவதைக் கைகாட்டினார்கள். கடைசியில் ஆணை வந்தபோது வானம் இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரி, குளம், கண்மாய்களில் படிந்த வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லாமல் எடுக்க, 1959ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் இடம் இருக்கிறது. முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போக வேண்டும். 2024இல் அதை மாற்றி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். விண்ணப்பமும் இ-சேவை வழியாக ஆன்லைனில் போகிறது. “கலெக்டர் ஆபீஸுக்குப் போங்க” என்று யாராவது சொன்னால், அவர் பழைய நடைமுறையைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

1. உங்கள் நிலத்துக்குக் கரம்பை தேவையா?

பக்கத்து வயல்காரர் அடிக்கிறார் என்பதற்காக நீங்களும் அடிக்க வேண்டியதில்லை. செம்மண், செவல், மணல் கலந்த நிலம் என்றால் கரம்பை நல்ல பலன் தரும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே காய்ந்துபோகிற நிலத்தில் களியும் மக்கும் சேர்ந்தால் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும், போட்ட உரமும் கீழே இறங்கி வீணாகாது. கரிசல் நிலத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே களி நிறைந்த மண்ணில் மேலும் களியைக் கொட்டினால் மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும்.

சரி, நிலம் பொருத்தம் என்றால் அடுத்து கண்மாய் மண்ணைப் பாருங்கள். எல்லாக் கண்மாயிலும் நல்ல கரம்பை இருக்காது. காய்ந்த தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். ஊர்ச் சாக்கடையோ சாய ஆலைக் கழிவோ வந்து சேரும் கண்மாய் என்றால் மண் எவ்வளவு கறுப்பாக, பார்க்க எவ்வளவு கொழுப்பாக இருந்தாலும் வேண்டாம். மற்ற இடங்களில் நாலைந்து இடத்தில் மேல்மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவு துணிப்பையில் கட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கூடவே உங்கள் வயல் மண்ணையும் தனிப் பையில் கொடுத்துவிடுங்கள். கட்டணம் ஒரு லோடு வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முடிவு வந்ததும் உப்பின் அளவு என்ற வரியைப் பாருங்கள். அதை மின்கடத்தும் திறன் (EC) என்று dS/m அலகில் போட்டிருப்பார்கள், அது 1க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1ஐத் தாண்டினால் வேறு கண்மாயைத் தேடுவது நல்லது.

2. எந்தக் கண்மாய்?

உங்கள் நிலம் இருக்கும் ஊரோ நீங்கள் குடியிருக்கும் ஊரோ, கண்மாய் இருக்கும் அதே வட்டத்துக்குள் இருக்க வேண்டும். தாலுகா எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் அருமையான கரம்பை கிடந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

அதைவிட முக்கியமான இன்னொன்று, அந்தக் கண்மாய் மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாத் தாளும் சரியாக வைத்து விண்ணப்பித்து, கண்மாய் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடி ஆகும். பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ முதலிலேயே கேளுங்கள். பெயரை மட்டும் பார்க்காதீர்கள், புல எண்ணையும் பாருங்கள். ‘பெரிய கண்மாய்’, ‘புதுக்கண்மாய்’ என்ற பெயரில் ஒரே தாலுகாவில் பல இருக்கும்.

பட்டியலில் இல்லையென்றால், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள். ஒருவர் கொடுப்பதைவிட ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்தக் கண்மாயில் பாசனம் பெறுபவர்கள், இருபது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதற்கு எடை அதிகம். தை, மாசியில் கொடுத்தால்தான் அந்தக் கோடைக்கு உதவும்.

கண்மாய் யாருடையது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறை கையில் இருக்கும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். எந்தப் பொறியாளர் வந்து இடம் காட்டுவார் என்பது இதைப் பொறுத்தது.

மீன் பாசிக் குத்தகை ஓடுகிற கண்மாயா என்றும் விசாரியுங்கள். குத்தகைதாரர் பள்ளத்தில் மீன் விட்டிருந்தால் வண்டி இறங்கும்போது தகராறு வரும். அவரிடம் முன்னாலேயே பேசி, எந்தப் பக்கம் அள்ளலாம் என்று முடிவு செய்துகொள்வதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

3. தாள்கள்

கேட்கிற தாள்கள் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும்.

சிட்டா: அரசின் நில ஆவண இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள், அதற்குக் கோடை முழுக்கப் போய்விடலாம். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளில் ஒருவர் வெளியூரில் இருந்தால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

அடங்கல்: நிலத்தில் என்ன பயிர் என்று பதிவாகியிருக்க வேண்டும். தரிசு என்று இருந்தால், மண் எதற்கு என்று கேள்வி வரும். பயிர் செய்தும் பதிவு விடுபட்டிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி வயலைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஆதார், கைபேசி எண், புகைப்படம்: சிட்டாவிலும் ஆதாரிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். இ-சேவை மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

குத்தகைக்கு உழுபவர்கள் நில உரிமையாளரின் பெயரிலேயே விண்ணப்பிக்கச் சொல்வது எளிது.

4. எவ்வளவு கேட்கலாம்?

நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 60 கன மீட்டர். நஞ்சையா புஞ்சையா என்பதைச் சிட்டாவில் உள்ளபடிதான் எடுத்துக்கொள்வார்கள். கிணற்றுப் பாசனத்தில் நெல் போட்டாலும் சிட்டாவில் புஞ்சை என்றிருந்தால் அது புஞ்சைதான்.

வண்டிக்காரர் யூனிட்டில் பேசுவார், ஆணையில் கன மீட்டர் இருக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டிராக்டர் டிப்பர் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 கன மீட்டர் என்று வைத்தால் நஞ்சை ஏக்கருக்கு 25 லோடு, புஞ்சை ஏக்கருக்கு 30 லோடு வரும். டாரஸ் லாரி வைத்தால் லோடு எண்ணிக்கை குறையும், ஆனால் அதன் கொள்ளளவை அளந்து எழுதிவைத்துக்கொள்ளாமல் இறக்காதீர்கள். சோதனைக்கு வருபவர் எண்ணுவது கன மீட்டரைத்தான்.

75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான கனம்தான் வரும். பார்க்கக் குறைவாகத் தோன்றும், ஆனால் உழுது கலக்க அது போதும். முழு அளவையும் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை. கையில் காசு குறைவென்றால், இருக்கும் ஏக்கர் முழுக்க மெல்லியதாகத் தூவுவதைவிட மேடாகக் கிடக்கும் மோசமான அரை ஏக்கரை மட்டும் இந்த வருஷம் சரிசெய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

5. விண்ணப்பம்

தமிழ்நாடு இ-சேவை இணையதளத்தில் நீங்களே பதியலாம், அல்லது பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போகலாம். மையத்தில் என்றால் வாங்கிய சேவைக் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். மண்ணுக்கு என்று எந்தக் கட்டணமும் கிடையாது. “கனிமத்துக்குத் தனியாகக் கட்டணும்” என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பதியும்போது கவனிக்க வேண்டியவை: கண்மாயின் ஊரும் புல எண்ணும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். உங்கள் நிலத்தின் உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள், 112/3ஆ என்பதை 112 என்று போட்டால் நிலம் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். தாள்களைக் கைபேசியில் சாய்வாகப் படம் பிடித்து ஏற்றாமல், எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்று பார்க்க முடியும்.

எப்போது பதிவது? வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாய்கள் பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்கும். தண்ணீர் கிடக்கும்போது கொடுத்தால் இடம் பார்க்க முடியாது என்று நிறுத்திவைப்பார்கள். ஆவணிக்கு மேல் கொடுத்தால் மழை முந்திக்கொள்ளும். தாள்களைப் பங்குனிக்குள் தயார் செய்து, கண்மாயின் மேட்டுப் பகுதி காய்ந்ததும் பதிவதுதான் சரியான நேரம். ஊரில் எல்லோரும் ஆனியில் கிளம்புவார்கள், அப்போது ஜேசிபி கிடைப்பதும் கஷ்டம்.

6. விசாரணை

கிராம நிர்வாக அலுவலர் நிலத்தையும் அடங்கலையும் சரிபார்த்து அறிக்கை தருவார். அவர் வரும் நாளில் நீங்கள் வயலில் இருங்கள். எல்லைக் கல்லைக் காட்டுங்கள். மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள், வண்டி எந்தப் பாதையில் வரும் என்று சொல்லுங்கள். நிலத்துக்குப் பாதையே இல்லாமல் அடுத்தவர் வரப்பு வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புகார் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

விண்ணப்பம் ஒரே மேசையில் நாட்கணக்காக நின்றால் ஒப்புகை எண்ணோடு நேரில் போய் என்ன குறை என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்கும் சொல்லலாம். இடைத்தரகரைப் பிடிக்காதீர்கள். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

7. உங்கள் சிட்டாவை இரவல் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

கோடையில் ஓர் ஆள் வருவார். “அண்ணே, நீங்க எதுக்கு அலையுறீங்க? சிட்டாவும் ஆதாரும் குடுங்க, பெர்மிட்டு நானே எடுக்கிறேன். உங்க வயலுக்குப் பத்து லோடு சும்மா அடிச்சுத் தர்றேன்” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்து லோடு உங்களுக்கு வரும், மீதி செங்கல் சூளைக்கோ பிளாட்டுக்கோ போகும். ஆனால் ஆணை உங்கள் பெயரில் இருக்கும். விவசாயத்துக்கு என்று வாங்கிய மண்ணை விற்பது குற்றம். அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால் 1957ஆம் ஆண்டு சுரங்கம் மற்றும் கனிமச் சட்டத்தின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம், 5 ஆண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வழக்கு வரும் நாளில் அந்த ஆள் ஊரில் இருக்கமாட்டார்.

இதில் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. விற்பனைக்கு அள்ளுபவர் வண்டல் தீர்ந்ததும் நிறுத்தமாட்டார். அடியில் இருக்கும் கிராவலையும் தோண்டுவார். அந்தப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கும், எந்த வயலுக்கும் பாயாது. கண்மாய் நிறைந்திருப்பதுபோல் தெரியும், கடைமடைக்குச் சொட்டு வராது. அதைச் சரிசெய்ய ஒரு தலைமுறை வண்டல் படிய வேண்டும்.

8. ஆணை வந்ததும்

முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் முடிக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் அது அனுமதி இல்லாத மண்தான். அடுத்து அளவு, புல எண், எவ்வளவு ஆழம் வரை என்ற வரி, எந்த நேரத்தில் அள்ளலாம் என்ற வரி. நிபந்தனைகள் பின்பக்கத்திலும் இருக்கும், படிக்காமல் மடித்து வைக்காதீர்கள். நாலைந்து நகல் எடுத்து ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று கொடுங்கள். அசலை நீங்கள் வைத்திருங்கள்.

பொறியாளரோ அவருடைய ஆளோ வந்து இடத்தை அளந்து காட்டிய பிறகுதான் ஜேசிபியை வரச் சொல்ல வேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஓடும்.

9. செலவு

மண் இலவசம், மற்றதெல்லாம் காசு. எங்கள் வட்டாரத்தில் பேசிய விலையைச் சொல்கிறேன், உங்கள் பக்கம் கொஞ்சம் மாறலாம்.

ஜேசிபி மணிக்கு 1,200 முதல் 1,500 ரூபாய் வரை. டிராக்டர் டிப்பர் 3 கிலோமீட்டருக்குள் என்றால் லோடுக்கு 400 முதல் 600 ரூபாய். இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு 60 லோடு, லோடு 500 என்றால் 30,000 ரூபாய். மணிக்கு 8 லோடு ஏற்றும் என்றால் ஜேசிபிக்கு ஏழெட்டு மணி நேரம், அது 10,000 ரூபாய் அளவில். வயலில் பரப்ப டிராக்டர் பிளேடுக்குத் தனி. ஆக இரண்டு ஏக்கருக்கு 40,000 ரூபாயைத் தாண்டும் என்று நினைத்துக்கொண்டு இறங்குங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் தனித்தனியாக ஆணை வாங்கி, ஒரே வாரத்தில் ஒரே ஜேசிபியை வைத்து அள்ளுவது. வண்டி வரும் வரை இயந்திரம் சும்மா நிற்கிற நேரம்தான் காசைத் தின்கிறது, எத்தனை டிராக்டர் இருந்தால் அது நிற்காது என்று முன்னாலேயே கணக்குப் போடுங்கள். இன்னொன்று, வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் விவரம் இருக்கும். முன்பதிவு செய்தவர்களின் வரிசை நீளமாக இருக்கும், அதனால் விண்ணப்பத்தைப் போட்ட கையோடு விசாரியுங்கள்.

10. அள்ளும் நாளில்

கரையோரம் அள்ள விடாதீர்கள். வண்டிக்காரருக்கு அது வசதி, ஏறவும் இறங்கவும் பக்கம். ஆனால் கரையின் அடியில் பள்ளம் விழுந்தால் கண்மாய் நிறையும் நாளில் அங்கேதான் கசிவு தொடங்கும். மடைக்கும், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குக்கும் முன்னாலும் தோண்டக் கூடாது. கரையை வெட்டி வண்டிப்பாதை போடுவதும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் இறக்கத்தையே பயன்படுத்துங்கள்.

நல்ல கரம்பையை எடுத்துப் பார்த்தால் தெரியும். காய்ந்தால் கட்டம் கட்டமாக வெடித்து, ஓரம் சுருண்டு நிற்கும். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் கரைந்து குழம்பாகும், விரலில் நெருடாது. வாளியில் வரும் மண் நிறம் மாறி, சரளையோ மணலோ தெரியத் தொடங்கினால் வண்டல் முடிந்துவிட்டது. அங்கே நிறுத்திவிட்டு ஜேசிபியைப் பக்கத்தில் நகர்த்தச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் கிணறுபோல் தோண்டாமல் சீவிச் சீவி எடுத்தால் கண்மாய்க்கும் நல்லது, உங்களுக்கும் சுத்தமான மண் கிடைக்கும். ஓட்டுநருக்கு இது பிடிக்காது, நேரம் ஆகும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால்தான் நடக்கும்.

ஒரு நோட்டில் வண்டி எண், நேரம், லோடு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஏற்றும் இடத்தில் ஓர் ஆள், இறக்கும் இடத்தில் ஓர் ஆள். மாலையில் இரண்டு நோட்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஒரு லோடு வழியில் வேறெங்கோ இறங்கியிருக்கிறது.

11. வயலில்

குவியலாகப் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். கட்டிகள் வெயிலில் உலரட்டும், ஒரு கோடை மழை பட்டால் தானே உதிரும், அந்த ஈரம் காய்ந்ததும் பரப்பி உழுங்கள். ஈரத்தோடு உழுதால் களி உருண்டு கல்போல் ஆகிவிடும்.

கண்மாய் மண்ணோடு கோரைக் கிழங்கும் சீமைக்கருவேல விதையும் வரும். முதல் மழைக்கு முளைத்து வருபவற்றை விதைப்புக்கு முன் ஓர் உழவு போட்டு அழித்துவிடுங்கள். கோரை மட்டும் விடாது, முதல் பருவத்தில் களைக்கு இரண்டு ஆள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள்.

கரம்பை அடித்த வருஷம் தொழுவுரத்தை நிறுத்த வேண்டாம். பயிர் அறுத்ததும் அதே வயலில் மறுபடி மண் பரிசோதனை செய்து, பழைய முடிவோடு வைத்துப் பாருங்கள். அடுத்த முறை இன்னும் எவ்வளவு வேண்டும், வேண்டவே வேண்டாமா என்பது அதில் தெரிந்துவிடும். ஆணையையும் லோடு நோட்டையும் அந்தத் தாளோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், பின்னால் யாராவது கேள்வி கேட்டாலும் காட்டலாம்.